நாவும் திரையும் நம் பிள்ளைகளும்

வானொலி ஞாயிறு மறையுரை
நற்செய்தி: மத்தேயு 5:20-26



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் இயேசு மலைமீது அமர்ந்து மக்களுக்குப் போதிக்கிறார். கொலை செய்யாதே என்ற கட்டளை மக்களுக்கு முன்பே தெரியும். அந்தக் கட்டளை எங்கே தொடங்குகிறது என்பதை ஆண்டவர் புதிதாகக் காட்டுகிறார். கத்தியை எடுக்கும் கையில் தொடங்குகிறது என்று நாம் நினைக்கிறோம். அதற்கு வெகு முன்னதாக, சினம் கொள்ளும் உள்ளத்திலும் சகோதரனை இழித்துப் பேசும் வாயிலும் தொடங்குகிறது என்கிறார் ஆண்டவர். இங்கே நற்செய்தியாளர் மத்தேயு 'ராகா' என்ற அரமேயச் சொல்லை அப்படியே எழுதி வைத்திருக்கிறார். வெறுமையானவன், ஒன்றுமில்லாதவன் என்பது அதன் பொருள். நம் பேச்சுவழக்கில் சொன்னால், 'காலி மண்டை'. தெருவில் ஒருவரையொருவர் போகிற போக்கில் வீசிக்கொள்ளும் சொல் அது. அத்தனை சிறிய சொல்லைக் கொலைக்குற்றத்தின் வரிசையில் ஆண்டவர் ஏன் வைக்கிறார்? இந்தக் கேள்வியோடு இன்று இரண்டு காரியங்களைச் சேர்த்துச் சிந்திப்போம். ஒன்று, விளையாட்டு ரசிகர்களாகிய நம் பேச்சு. மற்றொன்று, திரையில் வரும் வன்முறை நம் பிள்ளைகளைக் கெடுக்கிறதா என்ற விவாதம். இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

ஐ.பி.எல். கிரிக்கெட் 2008ஆம் ஆண்டு தொடங்கியது. வழக்கமாக மார்ச் மாதக் கடைசியில் ஆரம்பித்து, மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ முடிந்துவிடும். ஆட்டம் நடப்பது ஏறத்தாழ இரண்டு மாதம். ஆட்டத்தைப் பற்றிய பேச்சு மீதி பத்து மாதமும் நடக்கிறது. தேநீர்க் கடையில், முடிதிருத்தும் கடையில், பேருந்தில், பூசை முடிந்து கோவில் வாசலில்கூட நடக்கிறது. சென்னைக்கு ஐந்து கோப்பை, மும்பைக்கும் ஐந்து கோப்பை, எது பெரிது என்று ஒரு வழக்கு. பெங்களூரு அணி 2025 ஜூன் 3 அன்று முதல் கோப்பையை வெல்லும்வரை, பதினேழு ஆண்டுகளாக அந்த அணியின் ரசிகர்கள் பட்ட கேலிக்கு அளவே இல்லை. ஏலம் வந்தால் ஒரு பேச்சு, வீரர் அணி மாறினால் ஒரு பேச்சு. ஆட்டமே இல்லாத மாதங்களில்தான் நாக்குக்கு அதிக வேலை.

இது பாவமா? இல்லை. விளையாட்டையும் சிரிப்பையும் திருஅவை ஒருபோதும் பகைத்ததில்லை. புனித தோமா அக்குவினார் தமது இறையியல் சுருக்கத்தில், விளையாட்டிலும் வேடிக்கைப் பேச்சிலும் அளவறிந்து மகிழ்வதை ஒரு நற்பண்பாகவே வைக்கிறார். அங்கே ஒரு பழைய கதையையும் சொல்கிறார். திருத்தூதர் யோவான் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்களாம். அவர்களில் ஒருவர் வில் வைத்திருந்தார். அம்பு எய்துகொண்டே இருக்கும்படி யோவான் அவரிடம் கேட்டார். பலமுறை எய்த பிறகு, இப்படியே தொடர்ந்து எய்ய முடியுமா என்றார். வில் முறிந்துவிடும் என்று பதில் வந்தது. மனித உள்ளமும் அப்படித்தான், ஓய்வில்லாமல் இறுக்கமாகவே இருந்தால் முறிந்துவிடும் என்றாராம் யோவான். பவுலடியார் கொரிந்து மக்களுக்கு எழுதும்போது ஓட்டப்பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் உவமையாக எடுக்கிறார். புனித இரண்டாம் யோவான் பவுல் சிறுவயதில் போலந்து நாட்டின் வாதோவிசே ஊரில் கால்பந்து ஆட்டத்தில் கோல்கீப்பராக நின்றவர். நண்பர்கள் ஒருவரையொருவர் கலாய்ப்பது நட்பின் ஒரு வடிவம். தோற்ற அணியின் ரசிகனைக் கேலி செய்துவிட்டு, அவனுக்கே தேநீர் வாங்கித் தருகிறோமே, அது நல்ல கேலி.

கெட்ட கேலிக்கும் ஓர் அடையாளம் உண்டு. பேச்சு ஆட்டத்தை விட்டு ஆளின்மேல் ஏறிவிடும். 'உங்க டீம் 49 ரன்னுக்கு ஆல் அவுட்' என்பது ஆட்டத்தைப் பற்றியது. அவனுடைய நிறம், உடல், தாய், சாதி, மொழி, மதம் என்று பேச்சு திரும்பும்போது ஆட்டம் போய்விட்டது. ஆள் மட்டும் மிஞ்சுகிறான். ஆண்டவர் சொன்ன 'ராகா' அதுதான். எதிரில் இருப்பவன் வெறும் ஆள், வெறும் சட்டை நிறம், உள்ளே ஒன்றும் இல்லாதவன் என்ற எண்ணம். உள்ளே ஒன்றும் இல்லாதவனை அடித்தால் என்ன?

இது மிகைப்படுத்தல் அல்ல. 1994 உலகக் கோப்பைக் கால்பந்தில் கொலம்பியா நாட்டின் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் தவறிப்போய்த் தன் பக்கத்துக் கோலிலேயே பந்தைத் தட்டிவிட்டார். பத்து நாள் கழித்து, ஜூலை 2 அன்று, சொந்த ஊரான மெடலினில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். நம் தமிழ்நாட்டிலேயே 2022 அக்டோபரில் இரு இளம் நண்பர்கள் மது அருந்திக்கொண்டு கிரிக்கெட் பேசினார்கள். எந்த வீரர் பெரியவர், எந்த அணி பெரியது என்பதில் வாக்குவாதம். பேச்சு அணியை விட்டு நண்பனின் உடற்குறையைக் கேலி செய்வதில் போய் நின்றதாகக் காவல்துறை சொன்னதை நாளிதழ்கள் எழுதின. ஒருவர் பிணம், மற்றவர் கைதி. அப்போது ஐ.பி.எல். நடக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நடந்ததெல்லாம் ஐ.பி.எல். பற்றிய பேச்சு.

மிகப் பழைய காலத்திலும் இது உண்டு. கான்ஸ்டான்டிநோபிள் நகரில் தேர்ப்பந்தய ரசிகர்கள் நீலம், பச்சை என்று இரு பிரிவாக நின்றார்கள். அவர்களிடையே மூண்ட சண்டை 532ஆம் ஆண்டு சனவரியில் பேரரசருக்கு எதிரான கலவரமாகவே வெடித்தது. அக்காலத்துப் பெரிய ஆலயமே எரிந்தது. மாண்டவர்கள் முப்பதாயிரம் பேர் என்று புரோக்கோப்பியுஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். அந்த ரசிகர்கள் திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவர்கள்.

இனி இரண்டாவது காரியத்துக்கு வருவோம். இப்படிப்பட்ட செய்தி வந்தவுடன் நாம் என்ன சொல்கிறோம்? 'எல்லாம் சினிமா பார்த்து, செல்போன்ல துப்பாக்கி கேம் ஆடிக் கெட்டுப்போறாங்க' என்கிறோம். வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் இதைச் சொல்ல, இளைஞர்கள் மறுக்கிறார்கள்: 'நாங்களும்தான் பார்த்தோம், ஆடினோம், யாரையாவது கொன்னோமா?' இருவரும் தங்கள் அணிக்காக வாதாடும் ரசிகர்களைப் போலவே பேசுகிறார்கள். உண்மை என்ன என்று பொறுமையாகப் பார்ப்பது நம் கடமை.

1961இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 72 சிறு குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்று. நம் தஞ்சாவூர்ப் பொம்மையைப் போல எந்தப் பக்கம் தள்ளினாலும் நிமிர்ந்து நிற்கும். சில குழந்தைகளின் கண்முன் பெரியவர் ஒருவர் அதைக் குத்தினார், சுத்தியால் அடித்தார், திட்டினார். மற்றக் குழந்தைகள் அதைப் பார்க்கவில்லை. பிறகு அதே பொம்மையோடு விளையாட விட்டபோது, பார்த்த குழந்தைகள் அதே அடியை, அதே சொற்களோடு திரும்பச் செய்தார்கள். 1963இல் படமாகக் காட்டியபோதும் அப்படியே நடந்தது. 1965இல் அவர் இன்னொன்றையும் கண்டார். அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால் அதைச் செய்து காட்டினால் பரிசு என்றதும் அவர்களும் செய்து காட்டினார்கள். கற்றுக்கொண்டது உள்ளே இருந்தது. வெளியே வர நேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

இதற்கு மறுப்பும் உண்டு. அடிப்பதற்கென்றே செய்த பொம்மையை அடிப்பதும் மனிதரை அடிப்பதும் ஒன்றா? சில நிமிடம் பார்த்ததை உடனே செய்வதைக்கொண்டு வாழ்நாள் குணத்தைச் சொல்ல முடியுமா? நியாயமான கேள்விகள். அதனால் வேறு ஆய்வாளர்கள் நெடுங்காலம் காத்திருந்து பார்த்தார்கள். ரோவெல் ஹ்யூஸ்மன் குழுவினர் சிகாகோ பகுதியில் 1970களில் சிறுவர் சிறுமியராக இருந்தவர்களைப் பதினைந்து ஆண்டு கழித்துத் தேடிப் பார்த்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். சிறுவயதில் வன்முறை நிகழ்ச்சிகளை அதிகம் பார்த்தவர்களிடம் பெரியவர்களான பின்பும் முரட்டுத்தனம் கூடுதலாகக் காணப்பட்டது.

மறுபக்கச் சாட்சியமும் வலுவானது. 1999 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் இரு மாணவர்கள் சுட்டுப் பலரைக் கொன்றார்கள். அவர்கள் 'டூம்' என்ற துப்பாக்கி விளையாட்டை ஆடியவர்கள் என்பதால், அந்த விளையாட்டுதான் காரணம் என்று பலர் கொதித்தார்கள். ஆனால் அதை உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் ஆடினார்கள். அவர்கள் யாரையும் சுடவில்லை. வன்முறை வீடியோ விளையாட்டுகளைச் சிறுவர்க்கு விற்கத் தடை விதித்த கலிபோர்னியா மாநிலச் சட்டத்தை, 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழு நீதிபதிகளின் பெரும்பான்மையோடு செல்லாது என்றது. பாட்டிகள் சொல்லும் பழங்கதைகளிலும் இரத்தம் உண்டே என்று தீர்ப்பு சுட்டிக்காட்டியது. 2019இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் 14, 15 வயதுடைய சுமார் ஆயிரம் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் கேட்டு ஆராய்ந்தபோது, வன்முறை விளையாட்டுக்கும் பிள்ளைகளின் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு தென்படவில்லை.

இரண்டையும் எடைபோட்டு அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் நிதானமான ஒரு நிலைக்கு வந்தது. வன்முறை விளையாட்டுகளுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டு நடத்தைக்கும் சிறிய, ஆனால் நம்பத்தக்க தொடர்பு உண்டு. கொலை போன்ற கொடுஞ்செயலுக்கு அவையே காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. அப்படிச் சொல்வது மற்றக் காரணங்களிலிருந்து நம் கண்ணைத் திருப்பிவிடும் என்றும் அச்சங்கம் எச்சரித்தது.

மற்றக் காரணங்கள் யாவை? நமக்குத் தெரியாததா? வீட்டில் தினமும் குடித்துவிட்டு அடிக்கும் தகப்பன். பிள்ளையின் முன்னால் மனைவியைக் கேவலமாகத் திட்டும் கணவன். பிரம்பே பாடம் என்று நினைக்கும் ஆசிரியர். பேசக்கூட ஆளில்லாத தனிமை. இவற்றையெல்லாம் விட்டுவிட்டுத் திரையை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றுவது நமக்கு வசதி. திரை எதிர்த்துப் பேசாது.

அப்படியானால் திரையில் ஆபத்து இல்லையா? உண்டு. எல்லா வன்முறைக் காட்சியும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. 1990களில் அமெரிக்காவில் தொலைக்காட்சி வன்முறை பற்றி நடந்த பெரிய தேசிய ஆய்வு, எந்த வகைக் காட்சி பிள்ளைகளை அதிகம் தொடுகிறது என்று வகைப்படுத்தியது. அடிப்பவர் அழகான, பிள்ளைக்குப் பிடித்த நாயகனாக இருக்கும்போது. அடிப்பது நியாயம் என்று கதை சொல்லும்போது. அடித்தவருக்குத் தண்டனை இல்லாமல் கைதட்டு கிடைக்கும்போது. அடிபட்டவரின் வலியைக் காட்டாதபோது. இந்த நான்கையும் கேட்டவுடன் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? நாம் விசிலடித்துப் பார்க்கும் சண்டைக் காட்சிகள்தாமே! வில்லனைவிட நாயகனின் அரிவாளே பிள்ளையின் மனத்தில் ஆழமாக இறங்குகிறது. வெட்டுண்டு விழும் அந்த முப்பது அடியாட்களுக்குப் பெயர் இல்லை, வீடு இல்லை, அழுவதற்குத் தாய் இல்லை. 'ராகா'. காலி மனிதர்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். நம் மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் அதைக் கேட்டதும் உண்டு: 'சாமி, சண்டைப் படம் பார்க்காதேன்னு சொல்றீங்க. சிலுவைப் பாதையில ஏசுசாமிய அடிக்கிறத மட்டும் காட்டுறீங்களே?' நல்ல கேள்வி. விவிலியம் முழுவதும் இரத்தம் உண்டு. நான்காம் அதிகாரத்திலேயே கொலை. ஆனால் அந்தக் கதை யார் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். காயின் ஆபேலைக் கொன்ற பிறகு, ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கதறுவதைக் கடவுள் கேட்கிறார். உன் சகோதரன் எங்கே என்று கொலைகாரனிடம் விசாரிக்கிறார். கொன்றவனைக் கண்டிக்கும் கடவுள், அவனை வேறு யாரும் கொல்லக்கூடாது என்று அவன்மேல் அடையாளமும் இடுகிறார். சிலுவைப் பாதையில் அடிபடுகிறவருக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு. நான்காம் நிலையில் அவருடைய தாய் வருகிறார். ஆறாம் நிலையில் ஒரு பெண் அவர் முகத்தைத் துடைக்கிறார். அடிக்கிறவனுக்கு அங்கே யாரும் கைதட்டுவதில்லை. முழந்தாளிடுகிறோம். ஒரே அடிதான், ஆனால் அடிபட்டவரின் கண்வழியாகப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது சிலுவை. நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கவேண்டிய பார்வை அதுவே.

பார்வை எப்படிக் கெடுகிறது என்பதைப் புனித அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலின் ஆறாம் புத்தகத்தில் சொல்கிறார். அவருடைய நண்பர் அலிப்பியுஸ் சட்டம் படிக்க ரோமுக்குப் போனவர். மனிதர்கள் ஒருவரையொருவர் வெட்டிச் சாகும் அரங்க விளையாட்டை வெறுத்தவர். ஒருநாள் விருந்து முடிந்து வந்த நண்பர்கள் அவரைக் கேலியும் கட்டாயமுமாக இழுத்துப் போனார்கள். உடல்தான் அங்கே இருக்கும், உள்ளம் இருக்காது என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அரங்கில் ஒருவன் விழுந்தான். கூட்டம் ஒரே குரலாக ஆர்ப்பரித்தது. அலிப்பியுஸ் கண்ணைத் திறந்தார். இரத்தத்தைப் பார்த்தார், பார்வையைத் திருப்ப முடியவில்லை. தாமும் கத்தினார். பிறகு தாமே மற்றவர்களை அழைத்துக்கொண்டு போகும் அளவுக்கு அடிமையானார். காலம் கழித்தே இறையருள் அவரை மீட்டது. பின்னாளில் தகாஸ்தே நகரின் ஆயரும் ஆனார்.

அகுஸ்தினார் சொல்வதை உற்றுக் கவனித்தால் ஓர் உண்மை புரியும். அலிப்பியுஸ் கண்ணை மூடியிருந்தார், காதை மூடவில்லை. அவரை முதலில் வீழ்த்தியது கூட்டத்தின் குரல். காட்சி அதற்குப் பிறகுதான் வந்தது. நம் பிள்ளைகளும் அப்படியே. திரையில் நாயகன் வெட்டுவதைப் பார்க்கும் பிள்ளை, அதைவிட அதிகமாகப் பக்கத்தில் இருக்கும் அப்பா விசிலடிப்பதைப் பார்க்கிறான். ஆட்டத்தில் எதிரணி வீரர் காயம்பட்டு விழும்போது, மாமா 'அப்படித்தான்டா வேணும்' என்று சிரிப்பதைப் பார்க்கிறாள். எதை வெறுக்கவேண்டும், எதற்குக் கைதட்டவேண்டும் என்பதைப் பிள்ளைகள் நம் முகத்திலிருந்தே படிக்கிறார்கள். பண்டூராவின் அறையில் பொம்மையை அடித்தவர்கள் பெரியவர்களே. ரசிகர்களின் பேச்சும் திரையின் வன்முறையும் சந்திக்கும் இடம் இது.

திருஅவை இதைக் குறித்து நெடுங்காலமாகப் பேசிவருகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றிய ஆணையை வெளியிட்டபோது, அவற்றை இறைவனின் கொடைகளாக ஏற்று, அவற்றைப் பயன்படுத்துவதில் பெற்றோரின் கடமையையும் நினைவூட்டியது. 2007இல் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், உலகத் தொடர்பு நாளின் கருப்பொருளாகக் குழந்தைகளையும் ஊடகத்தையும் எடுத்துக்கொண்டார். வன்முறையைப் போற்றும் அசைவூட்டப் படங்களையும் வீடியோ விளையாட்டுகளையும் பொழுதுபோக்கு என்ற பெயரில் குழந்தைகளுக்குத் தருவதை அவர் வன்மையாகக் கண்டித்தார். உண்மையிலேயே வன்முறையிலும் கொடுமையிலும் சிக்கித் தவிக்கும் குழந்தைகளுக்கு இந்தப் பொழுதுபோக்கை எப்படி விளக்குவோம் என்று கேட்டார். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் 'அன்பின் மகிழ்வு' மடலில், நம் பிள்ளைகளின் உடல் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடுவதோடு நின்றுவிடாமல், அவர்களின் உள்ளம் எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்கிறார். எந்நேரமும் வேவு பார்ப்பது வளர்ப்பு ஆகாது என்றும் சொல்கிறார்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில.

முதலாவது, சான்றிதழைப் பாருங்கள். நம் நாட்டுத் திரைப்படத் தணிக்கையில் 'யு/ஏ' என்ற பிரிவு 2024 முதல் 7 வயது, 13 வயது, 16 வயது என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 'ஏ' படத்துக்கு 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதியே இல்லை. இருந்தும் கைக்குழந்தையோடு முதல் நாள் முதல் காட்சிக்குப் போகும் குடும்பங்கள் உண்டு. திரையரங்கு வாசலில் தடுக்கப்படும் படம், சில வாரங்களில் அப்பாவின் செல்போனில் வந்துவிடுகிறது. அங்கே வாயில்காப்பாளர் நாம்தான்.

இரண்டாவது, பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். இணைச்சட்ட நூல், இறைவார்த்தையை வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளிடம் பேசச் சொல்கிறது. சண்டைக் காட்சி முடிந்ததும் ஒரு கேள்வி போதும்: 'அந்த விழுந்தவனோட அம்மா இப்ப என்ன பண்ணுவாங்க, கண்ணு?' முதல் நாள் பிள்ளை சிரிக்கும். நான்காம் நாள், 'அப்பா, அவனுக்கு வீட்ல பாப்பா இருக்குமா?' என்று அதுவே கேட்கும். அன்றைக்கு அந்தக் காட்சியின் நஞ்சு பாதி இறங்கிவிட்டது.

மூன்றாவது, இரவில் செல்போன் பிள்ளையின் படுக்கையில் வேண்டாம். சட்டம் பிள்ளைக்கு மட்டும் என்றால் நிற்காது. வீட்டுக்கெல்லாம் ஒரே சட்டமாக இருக்கட்டும். அப்பாவின் போனும் அதே அலமாரியில் உறங்கட்டும்.

நான்காவது, நம் நாவைக் காத்துக்கொள்வோம். சிறு நெருப்பு பெருங்காட்டை எரிப்பதைப் போன்றது நாவு என்கிறார் யாக்கோபு தம் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில். இறைவனைப் போற்றும் அதே வாயால் இறைச்சாயலில் படைக்கப்பட்ட மனிதரைச் சபிப்பது தகாது என்கிறார். அணியைக் கேலி செய்யுங்கள், ஆளைத் தொடாதீர்கள். குழுவில் யாராவது சாதியையோ தாயையோ இழுத்தால், 'ஆட்டத்தைப் பேசுப்பா' என்று சொல்ல ஒருவர் இருக்கட்டும். அந்த ஒருவர் பூசைக்கு வருகிறவராக இருக்கட்டும். நம் பங்கு இளையோர் நடத்தும் கிரிக்கெட், கபடிப் போட்டிகளிலும் வென்ற அணி பரிமாற, தோற்ற அணியோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணும் வழக்கத்தை எல்லா அன்பியங்களும் கைக்கொள்வது நல்லது.

ஐந்தாவது, அடையாளங்களைக் கண்டுகொள்ளுங்கள். பிள்ளை இரவில் அலறி எழுவது, விலங்குகளைத் துன்புறுத்துவது, தம்பி தங்கையை ஓயாமல் அடிப்பது, யாரோடும் பேசாமல் ஒதுங்குவது — இவற்றுக்குப் படம் மட்டும் காரணம் என்று முடிவுகட்டி அடிக்காதீர்கள். பள்ளியில், உறவில், வீட்டில் யாரோ அந்தப் பிள்ளையைக் காயப்படுத்திக்கொண்டிருக்கலாம். அன்போடு கேளுங்கள். தேவையானால் மருத்துவரையோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ நாடத் தயங்காதீர்கள்.

இன்றைய நற்செய்தியில் வரும் ஒரு கட்டளையையும் மறக்கவேண்டாம். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது, சகோதரனுக்கு நம்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளச் சொல்கிறார் ஆண்டவர். சென்ற வாரம் ஓர் ஆட்டத்தின் பேரில் யாரையாவது வாய்க்கு வந்தபடி பேசியிருந்தால், இன்றே ஒரு சொல் பேசி முடித்துவிடுங்கள். நம் பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும். மன்னிப்புக் கேட்கும் தகப்பனைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, எந்தத் திரை நாயகனைவிடவும் பெரிய வீரன் வீட்டிலேயே இருப்பான்.

மன்றாடுவோம்: ஆபேலின் குரலைக் கேட்ட ஆண்டவரே, அடிபட்டு விழுகிறவர்களின் முகத்தைப் பார்க்கும் கண்ணை எங்கள் பிள்ளைகளுக்குத் தாரும். சினத்தை அடக்கும் நாவை எங்களுக்குத் தாரும். எங்கள் விளையாட்டிலும் சிரிப்பிலும் நீர் மகிழ்ந்து தங்கியிருக்கும்படி எங்கள் வீடுகளைத் தூய்மைப்படுத்தும். ஆமென்.